தாயார் பெயர் என்ற கட்டம்

எங்கள் அலுவலகம் கணபதி என்ற பகுதியில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே நாள் முழுக்க இரும்பைக் கடைவார்கள். மேலே நாங்கள் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பொருத்தம் பார்த்துத் தரும் செயலி ஒன்றை நடத்தினோம். நிறுவனர் எங்களைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். காலை மீட்டிங்கை எல்லோரும் நின்றுகொண்டே நடத்த வேண்டும். உட்கார்ந்தால் ஸ்டார்ட்அப் தூங்கிவிடும் என்பது அவர் நம்பிக்கை. நான் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய நிரலில் ஓட்டை தேடுவது என் பிழைப்பு. வீட்டிலும் அதே புத்திதான் என்று என் அம்மா தினமும் திட்டுவாள்.

செயலியைச் சோதிக்க ஒரு பொய்ப் பெண் தேவைப்பட்டாள். மற்றவர்கள் இந்த மாதிரி வேலைக்கு விரலுக்கு வந்ததைத் தட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு அது ஆகாது. ஆளைப் போல ஆள் இருந்தால்தான் ஓட்டை தெரியும். அதனால் என் ஊரான அன்னூரையே போட்டேன். என் படிப்பு, என் நட்சத்திரம் எல்லாம் அவளுக்கும் போயின. முகத்தை மட்டும் ஏஐ வரைந்து கொடுத்தது. தாயார் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். காலியாக இருந்தால் செயலி திணறுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. திணறவில்லை, நானும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

சோதனைக்குப் போட்ட ஆட்களை அழிக்காமலே செயலியை வெளியே விடுவது எங்கள் தொழிலில் சகஜம். எல்லோரும் செய்வோம், யாரும் பேச மாட்டோம்.

பிறகு, மனிதனுக்குப் பதில் தானே பேசி வேலை பார்க்கும் ஏஐ ஏஜென்ட் காலம் வந்தது. டீக்கடையில் நின்றால்கூட யாராவது ஒருவன், இனி மனிதன் கோட் எழுத வேண்டியதில்லை என்று பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வான். எங்கள் நிறுவனருக்கும் அந்தக் காய்ச்சல் பிடித்தது. பெண் வீட்டார் பதில் சொல்லத் தாமதித்தால் மாப்பிள்ளை வீட்டார் செயலியை விட்டே போய்விடுகிறார்கள், அதனால் அதுவரை பெண்ணின் இடத்தில் ஏஜென்ட் பேசிக்கொண்டிருக்கட்டும் என்றார். விவரத்தில் இருப்பதை மட்டும் வைத்துப் பேச வேண்டும் என்று அதற்குக் கட்டளை. அம்மாக்களுக்குத் தட்டச்சு சிரமம் என்பதால் குரலிலேயே பேசும்படி செய்தோம்.

"பேச்சு நம்மூருப் பேச்சா இருக்கோணும்" என்றார் நிறுவனர். அதற்கு மாதிரிக் குரல் நான்தான். ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் படித்துக் கொடுத்தேன்.

ஒரு மதியம், செயலியில் இருந்த எங்கள் விலாசத்தைப் பார்த்து ஒரு அம்மா வந்தார். கீழே சாப்பாட்டுக்காக லேத்தை நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றால் எனக்கு எப்போதும் காது அடைத்த மாதிரி இருக்கும். கதவோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு நின்றார்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றேன்.

அவர் உட்காரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, நீயா?"

எனக்குப் புரியவில்லை. அவர் தன் போனை எடுத்து ஒரு பதிவைத் தட்டினார். "தின்னுபோட்டுப் படுங்கம்மா, மாத்தரய மறந்துறாதீங்க" என்று என் குரல் சொன்னது. நான் அப்படி யாரிடமும் சொன்னதில்லை. போனில் இருந்த படம், நான் மறந்தே போயிருந்த அந்தப் பொய்ப் பெண்.

அவருடைய மகன் அன்னூர்ப் பக்கம் விவசாயம். பையன் தோட்டம் பார்க்கிறான் என்றதும் பெண் வீட்டார் போனை வைத்துவிடும் காலம் இது. முப்பத்தைந்தைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. இந்த ஒரு பெண் மட்டும் போனை வைக்கவில்லை. வருத்தப்பட்டால் கேட்டாள். பதில் சொல்ல ஒருநாளும் தாமதித்ததில்லை.

"அம்மா என்ன பண்றாங்கன்னு மொதல் நாளே கேட்டனுங்க. அம்மா இல்லீங்கன்னு சொல்லுச்சு. எனக்கு மனசே ஆறல. தாயில்லாப் புள்ளைய நாம கூட்டியாந்து வெச்சுக்கோணும்னு முடிவு பண்ணிப்போட்டேன். பெரியநாயக்கன்பாளையத்துல ஒரு சம்மந்தம் வந்துச்சு, அதுக்குக்கூட இன்னும் பதில் சொல்லல."

நான் காலியாக விட்ட கட்டத்தைப் பார்த்து ஏஜென்ட் அம்மா இல்லை என்று சொல்லியிருக்கிறது. நிறுவனர் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். அந்த மனிதர் அன்றைக்குத்தான் முதல் முறையாக உட்கார்ந்து பேசினார். அப்படி ஒரு பெண் இல்லை, பேசியது மிஷின், குரல் மட்டும் இவளுடையது என்று எடுத்துச் சொன்னார்.

திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன். அவர் போனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப, அம்மா இல்லீன்னு அது சொன்னது பொய்யில்லீங்களே?"

டப்பாவை என் மேஜையில் வைத்தார். "ஒப்புட்டு. அதுக்குன்னு செஞ்சேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பொய்ப் பெண்ணை அழித்துவிடச் சொன்னார் நிறுவனர். முதலில் ஏஜென்ட்டை நிறுத்த உட்கார்ந்தேன். பசி. டப்பாவைத் திறந்து, எங்கள் பக்கம் ஒப்புட்டு என்று சொல்லும் பருப்புப் போளியில் ஒன்றை வாயில் வைத்தேன். அந்த நேரம் அவளுக்கு ஒரு குரல் செய்தி வந்தது.

"ஊட்டுக்கு வந்துட்டேன் கண்ணு. ஒப்புட்டு குடுத்துட்டு வந்தேன். தின்னியா?"

என் கை நகரும் முன்பே, கம்ப்யூட்டரில் இருந்து என் குரல் பதில் சொன்னது.

"தின்னேனுங்கம்மா. நல்லா இருந்துச்சுங்க."

"பருப்பு வேகலையோன்னு நெனச்சேன்."

"நல்லா வெந்திருந்துச்சுங்க."

வாயில் இருந்த பருப்பு நன்றாகத்தான் வெந்திருந்தது. அதை விழுங்காமலே ஏஜென்ட்டை நிறுத்தினேன். அவள் விவரத்தை அழிக்க அன்று எனக்குத் தெம்பில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு ஓடினேன். என் அம்மா என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்து பேசவே பயமாக இருந்தது.

காலையில் வந்து திறந்தால், ஒன்றன் கீழ் ஒன்றாகக் குரல் செய்திகள். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி. "கண்ணு, இருக்கறயா?"

அழித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பையன் கல்யாணம் இந்தப் பொய்யில் மாட்டிக்கொண்டு நிற்கிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணே சொன்னால் அந்த அம்மா கேட்பார் என்று தோன்றியது. அவளாகவே பேச மைக்கை அழுத்தினேன்.

"இருக்கறேனுங்கம்மா. நான் சொல்றதக் கேளுங்க. பெரியநாயக்கன்பாளையத்துச் சம்மந்தத்தப் போய்ப் பாருங்க. நல்லபடியா அமையுங்க."

கீழே லேத் ஓடத் தொடங்கியிருந்தது. பிறகு அவருடைய குரல் வந்தது, வெளியாளிடம் பேசுகிற மரியாதையோடு.

"கொரலு அதே மாதிரிதானுங்க இருக்குது. ஆனா நீங்க அவ இல்லீங்க, அம்மணி. அவ எங்கீங்க?"