நான் கையெழுத்துப் போடாத மத்தியானம்

போன தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்னால், விருத்தாசலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இது தொடங்கியது. பாலக்கரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச இதயப் பரிசோதனை முகாம் என்று ஊரெல்லாம் பேனர் கட்டியிருந்தார்கள். பேனரில் இதயத்தின் படம் சின்னதாகவும் தலைவர்களின் படம் பெரிதாகவும் இருந்தது. பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை.

நான் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு வண்ணம் அடிக்கிறேன். என் கணவர் ஜங்ஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறார். ஐம்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் படியில் சவாரியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "பீடிய விடுங்க, எல்லாம் சரியாப்பூடும்" என்பேன். பீடியையும் விடவில்லை, டாக்டரிடமும் போகவில்லை.

அவருடைய தம்பி ஒரு கட்சியில் சின்னப் பொறுப்பில் இருக்கிறார். முகாமுக்கு ஆள் சேர்ப்பது அவர் வேலை. அன்று காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"எலெக்ஷன் வந்தாதான் எங்க நெஞ்சு உங்களுக்கு ஞாபகத்துக்கு வருமா தம்பி?" என்று கேட்டேன்.

"நல்லது செஞ்சாலும் குத்தம் சொல்லுவீங்க அண்ணி. எல்லாம் ஃப்ரீ. காப்பீட்டுக் கார்டு மட்டும் மறக்காம எடுத்துக்கினு வாங்க."

அந்தக் கார்டு எங்களை மாதிரிக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்தது. ஆபரேஷன் மாதிரிப் பெரிய செலவு வந்தால் தனியார் ஆஸ்பத்திரியிலும் காட்டலாம், பணத்தை அவர்கள் அரசாங்கத்திடம் வாங்கிக்கொள்வார்கள். சரி, நல்ல விஷயம்தான். ஆனால் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னாலேயே கார்டு எதற்கு?

மண்டபத்திலும் அப்படித்தான் நடந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த பெண் "என்ன செய்யுது?" என்று கேட்கவில்லை, "கார்டு இருக்கா?" என்றுதான் கேட்டாள். கார்டு இல்லாதவர்களுக்குப் பிரஷர் பார்த்து, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எங்களை உள்ளே அழைத்துப் போய் இ.சி.ஜி. எடுத்தார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதுல கொஞ்சம் மாத்தம் தெரியுது. நாளைக்கு எங்க ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க, வேன் வரும்" என்றார்.

என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருக்குத் தண்ணீர் பிடித்து வரலாம் என்று நான் கை கழுவும் பக்கம் போனேன். வாசலில் இருந்த அதே பெண் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இன்னும் ரெண்டு பேரு வேணும் சார், மத்தியானத்துக்குள்ள பாத்துடலாம்" என்றது காதில் விழுந்தது.

யார் ரெண்டு பேர்? எதற்கு? வேலைக்கு இன்னும் ரெண்டு நர்ஸ் வேண்டும் என்று கேட்டிருக்கலாம். வேனில் ரெண்டு இடம் காலியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் எனக்கு அது தெரியாது. ஆனால் அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன்.

"கடைக்காரன் சிரிச்சாலே எடை கம்மின்னு சொல்ற ஆளு நீ" என்று எரிந்து விழுந்தார். "எனக்கு நெஞ்சுல கோளாறுன்னு டாக்டரு சொல்றாரு, நீ போன்ல பேசுனத சொல்றியே."

மறுநாள் வேனில் போனோம். அடுத்த தெருக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் எங்களோடு வந்தார்கள். அவர் களிமண் கலக்கும் வேலை பார்ப்பவர். அவருக்கும் முகாமில் 'மாத்தம்' தெரிந்ததாம். ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடி, ஒரு பெரிய ஊரில் கண்ணாடி வைத்த ஆஸ்பத்திரி முன்னால் வேன் நின்றது. இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். ஆஞ்சியோ. பார்ப்பதில் தப்பில்லையே என்று அதற்குச் சம்மதித்தேன்.

அவரை உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்திலேயே ஒரு டாக்டர் பச்சை உடுப்போடு வெளியே வந்தார். கூடவே, கார்டு வேலைகளைப் பார்க்கிற ஓர் ஆள்.

"அம்மா, ரெண்டு எடத்துல அடைப்பு இருக்கு. உடனே ஸ்டென்ட் வைக்கணும். டேபிள்லயே படுத்திருக்காரு. இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

ஸ்டென்ட் என்றால் அடைத்த குழாயை விரித்துப் பிடிக்கிற சின்ன ஸ்பிரிங் என்று எனக்குத் தெரியும். பட்டறையில் ஒருத்தரின் மாமனாருக்கு வைத்திருக்கிறார்கள்.

"எவ்ளோ அடைப்பு சார்?"

"சொன்னா உங்களுக்குப் புரியுமா?"

"புரியற மாதிரி சொல்லுங்க சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கார்டு ஆள் முன்னால் வந்து, "உங்க கையிலேர்ந்து ஒண்ணும் போவாதும்மா. எல்லாம் கார்டுலயே முடிஞ்சிடும்" என்றார்.

"நான் பணத்தப் பத்தி கேக்கலியே."

பேனாவை நீட்டிக்கொண்டே நின்றார். என் மூளைக்குள் ஒன்றுதான் ஓடியது. இவ்வளவு அவசரம் என்றால் ஞாயிற்றுக்கிழமையே ஏன் ஆம்புலன்ஸில் ஏற்றவில்லை? காலையில் வேனில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்த மனிதருக்கு மத்தியானத்துக்குள் உயிர் போகிற நிலைமை எப்படி வந்தது?

"வேணாம் சார். படம் எடுத்த மட்டும் போதும். அவர வெளிய கூட்டிக்கினு வாங்க."

டாக்டரின் முகம் மாறியது. "ஏதாவது ஆச்சுன்னா நாங்க பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பக்கத்து நாற்காலியில் அடுத்த தெருக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அதே மாதிரிக் காகிதம் வந்தது. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. செய்தி கேட்டுக் கொழுந்தன் பஸ் பிடித்து வந்துவிட்டார். வார்டில் பத்துப் பேர் பார்க்க, "எங்க அண்ணனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அது உங்களாலதான் அண்ணி. வேற யாராலயும் இல்ல" என்று கத்தினார். என் கணவர் கட்டுப் போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாக, "எனக்கு பயமா இருக்குது. அவங்க சொல்றத கேட்டுடேன்" என்றார். அப்போது நான் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போய்விட்டேன். ஏன் போடவில்லை என்று கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த டாக்டர் "புரியுமா?" என்று கேட்டாரே, அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது என்று நினைக்கிறேன்.

காலையில் டிஸ்சார்ஜ் கேட்டேன். எங்கள் சொந்தப் பொறுப்பில் போகிறோம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆஞ்சியோ படம் இருக்கிற சி.டி.யைக் கொடுக்க அவர்களுக்கு மனசே வரவில்லை. கொடுக்காமல் நகர மாட்டேன் என்று கவுன்ட்டரிலேயே நின்றேன். கொடுத்தார்கள். அங்கிருந்து வாடகைக் கார் பிடித்து, வேறொரு ஊரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். கொழுந்தன் முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் என் கணவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். "இங்க வலிக்குது" என்று நெஞ்சின் நடுவில் காட்டினார். நெற்றியில் வேர்வை. டிரைவர் மிதித்தார். கொழுந்தன் திரும்பிப் பார்த்தார், அழுதுகொண்டிருந்தார். நான் அழவில்லை. கொன்றுவிட்டேன், என் சந்தேகத்தால் இவரைக் கொன்றுவிட்டேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. ஊரில் யார் யார் என்னென்ன சொல்வார்கள் என்பதுகூடக் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நிற்க இடமில்லை. ஆனாலும் 'நெஞ்சு வலி' என்ற வார்த்தையைக் கேட்டதும் ஸ்ட்ரெச்சர் வந்தது. இ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். ஓர் இளம் டாக்டர் வந்து, "அட்டாக் இல்லம்மா. பயமும் பசியும் சேர்ந்து வயித்துல காத்து அடைச்சிருக்கு. இருந்தாலும் படுக்க வச்சுப் பாக்குறோம்" என்றார். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டியவள்தான். கூட்டத்தைப் பார்த்தேன், ஒரே கட்டிலில் ரெண்டு பேர் படுத்திருப்பதைப் பார்த்தேன். இடம் இல்லாததால் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பப் பார்க்கிறார்களோ என்று அடுத்த சந்தேகம் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலை இதயப் பிரிவின் பெரிய டாக்டர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. சி.டி.யைப் போட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இங்க வாங்கம்மா, நீங்களே பாருங்க" என்று நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். திரையில் கறுப்பாகக் கிளை கிளையாக என் கணவரின் இதயக் குழாய்கள் அசைந்தன. ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இங்க கொஞ்சம் ஒடுங்கியிருக்கு. இது பாதிகூட இல்ல. இன்னொண்ணு அதவிட சின்னது. இதுக்கு மாத்திரை போதும்னு நான் நெனைக்கிறேன்."

"நீங்க சொல்றது சரின்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

டாக்டர் கோபப்படவில்லை. "நியாயமான கேள்விதான். இன்னொரு டாக்டருக்கும் காட்டுங்க. நாங்களும் ஒரு டெஸ்ட் பண்ணிடறோம். அவரே நடந்து காட்டட்டும்" என்றார். அப்புறம் என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: "ஆனா ஒண்ணும்மா. நிஜமாவே அட்டாக் வந்து ஆஸ்பத்திரிக்குப் போறப்ப இப்பிடி யோசிச்சுக்கிட்டு நிக்கக்கூடாது. அப்ப நிமிஷம் போனா உசுரு போயிடும். உடனே கையெழுத்து போடணும். அதையும் மனசுல வச்சுக்கங்க."

ரெண்டு நாள் கழித்து அந்த டெஸ்ட். ஓடுகிற பட்டையின் மேல் நடக்கவைத்து, நெஞ்சில் வயர்களை ஒட்டி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கதவில் இருந்த கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் கோயில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி நடந்தார். அப்புறம் பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி. சட்டையில்லாத முதுகில் வேர்வை வழிந்தது. எந்த நிமிஷமும் சரிந்து விழப் போகிறார் என்று தோன்றியது. எங்கள் ஊர்ப் பழமலைநாதரே, நான் சந்தேகப்பட்டது தப்பு என்றால் என்னைத் தண்டியுங்கள், அவரை விட்டுவிடுங்கள் என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் வந்து நின்ற கொழுந்தன், "பாத்துட்டே இருங்க அண்ணி, நம்ம அண்ணன் நடந்துடுவாரு" என்றார்.

நடந்து முடித்தார். பட்டை நின்றது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னைத் தேடினார். டாக்டர் அந்தக் காகிதச் சுருளைப் பார்த்துவிட்டு, "ஸ்டென்ட் இப்ப தேவையில்ல" என்றார். "பீடிய இன்னிக்கோட விடணும். மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது."

இன்று அவர் ஆட்டோ ஓட்டுகிறார். பீடி போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கடலைமிட்டாய் வந்திருக்கிறது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருப்பேன். அடுத்த தெருக்காரருக்கு அன்று ஸ்டென்ட் வைத்தார்கள். அவரும் நன்றாகத்தான் இருக்கிறார். ஒரு தரம் அவர் மனைவியிடம், "உங்க சி.டி.யையும் அரசு ஆஸ்பத்திரில காட்டிப் பாருங்களேன்" என்று சொன்னேன்.

"எதுக்கு? வச்சது வேணாம்னு சொன்னா எடுத்துடவா முடியும்?" என்றாள் அவள். "உனக்கு சந்தேகம் பெருசு. எனக்கு அவரு உசுருதான் பெருசு."

அவருக்கு உண்மையிலேயே பெரிய அடைப்பு இருந்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து அவள் என்னிடம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் அரசியல் பேச்சு வந்தால், அந்தக் கார்டைப் பற்றிக் கேட்பார்கள். எனக்கு ஒரு பக்கமாகப் பேச வரவில்லை. எங்களோடு வேலை செய்கிற ஓர் அக்காவின் பேத்திக்கு இதயத்தில் ஓட்டை. அதே கார்டுதான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யவைத்து அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது. அந்தக் கார்டை எப்படிக் குறை சொல்வேன்? ஆனால் கார்டில் கொட்டுகிற பணம் நாம் எண்ணெய்க்கும் சோப்புக்கும் கட்டுகிற வரிதானே. நோயாளி வேண்டும் என்று வேன் அனுப்புகிற இடத்துக்கு அது போகும்போது யார் கணக்குக் கேட்கிறார்கள்? ஒரே கட்டிலில் ரெண்டு பேர் படுக்கிற இடத்துக்கு அதில் கொஞ்சம் போகக் கூடாதா? அந்தப் பெரிய டாக்டர் மாதிரி இன்னும் நாலு பேரைப் போடக் கூடாதா? ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேட்கிறேன். கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

கொழுந்தன் இப்போதும் கட்சியில்தான் இருக்கிறார். ஆனால் முகாம் என்றால் முதலில் என்னிடம் வந்து, "போவலாமா அண்ணி?" என்று கேட்கிறார். ஜனங்களைப் போகச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு வரட்டும், கையெழுத்துக்கு முன்னால் கேட்கிற கேள்விக்குப் பதில் வாங்கிக்கொள்ளட்டும் என்பேன்.

நான் சந்தேகப்பட்டதால் என் கணவர் நன்றாக இருக்கிறாரா, அல்லது சந்தேகப்பட்டும் எங்கள் நல்ல நேரத்தால் தப்பித்தோமா என்று காரில் அவர் என் கையை இறுக்கிய நொடியை நினைக்கும்போதெல்லாம் குழம்பிப் போகிறேன். என்னைப் போன்ற ஒருத்தி இவ்வளவு பயந்து, இவ்வளவு சந்தேகப்பட்டுத்தான் தன் புருஷனுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அந்த மத்தியானத்திலிருந்து இன்றுவரை ஆறாமல் இருக்கிறது.