பதினோராம் பகுதியில் ஒரு தண்ணீர்த் தொட்டி

வேண்டாததைக் கழிப்பதுதான் வாசுகிக்குப் பிழைப்பு. சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாகத் தரச் சோதனை செய்கிறாள். பிளாஸ்டிக் மூடியில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் சிவப்புப் பெட்டிக்குப் போய்விடும். அவள் எழுதியதையே ஒருவர் கழித்துவிட்டால் சும்மா இருப்பாளா?

மத்தியான ஓய்வில் இணையக் கலைக்களஞ்சியத்துக்குத் தமிழில் கட்டுரை எழுதுவது அவள் பழக்கம். அவர்கள் குடியிருக்கும் தாமான் முகப்பில், ரப்பர்த் தோட்டம் இருந்த காலத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இன்னும் நிற்கிறது. கட்டிய ஆண்டு, உயரம், கொள்ளளவு எல்லாம் ஆதாரத்தோடு எழுதினாள். கடைசியில், ஏழு வருஷத்துக்கு முன் வந்த ஒரு தொலைக்காட்சி நாடகத்தின் பதினோராம் பகுதியில் அந்தத் தொட்டி வருவதையும், அந்தக் காட்சியில் மோட்டார் சைக்கிளில் கடந்துபோகிறவர் உள்ளூர்வாசி சுகுமாறன் என்பதையும் சேர்த்தாள்.

சுகுமாறன் அவள் கணவன். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற மற்றவர்களைப் போலவே எதிர்காற்றுக்கு மறைப்பாக ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, மூன்றே விநாடி வருகிறான். கலைக்களஞ்சியத்தில் தன் பேர் இருப்பதை வேலையிடத்தில் அவன் காட்டாத ஆள் கிடையாது.

அந்தப் பத்தியைத்தான், அதே கலைக்களஞ்சியத்தில் கட்டுரைகளைத் திருத்துகிற ஸ்கூடாய் நூலகர் ஹேமநாதன் நீக்கிவிட்டார். வெறும் துணுக்கு என்றார். கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் மரியாதையாக ஒரு கேள்வியும் வைத்திருந்தார்: “நாடகத்தில் தொட்டி வந்தது சரி. அதனால் தொட்டிக்கு என்ன ஆயிற்று?”

வாசுகிக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு அந்தக் கேள்வியே உள்ளே கிடந்து குடைந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் தொட்டியடிக்குப் போனாள். வேலி முழுக்க மஞ்சள் கயிறு. நாடகத்தில், காணாமல்போன புருஷன் திரும்பி வரவேண்டும் என்று ஒருத்தி அங்கே கயிறு கட்டுவாள். அதற்கு முன்னால் அந்த வேலியில் கொடிகூடப் படர்ந்ததில்லை. இப்போது நாசி லெமாக் பொட்டலம் விற்கும் ராஜம்மா, மகளுடைய பரீட்சைக்காக ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். நாடகம் பார்த்தீர்களா என்று வாசுகி கேட்டாள்.

“எந்த நாடகம்? எல்லாரும் கட்றாங்க, நானும் கட்றேன் லா. இது ரொம்ப காலத்து வழக்கமாச்சே.”

ஏழு வருஷம் ரொம்ப காலமாகிவிட்டதா! வாசுகி சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பழைய பத்திரிகைகளைத் தேடினாள். இரண்டு வருஷத்துக்கு முந்திய செய்தி ஒன்று அகப்பட்டது. துப்புரவுத் தொழிலாளர்கள் ஆறு மூட்டைக் கயிற்றை அறுத்து எடுத்துப் போனது, மறுவாரமே வேலி மறுபடி மஞ்சளானது, நாடகத்தின் பெயர் எல்லாம் அதில் இருந்தன.

இதைத் தொட்டியின் வரலாற்றிலேயே சேர்த்து எழுதினாள். சுகுமாறனுடைய வரி வந்ததும் விரல் நின்றது. மூன்று விநாடி வந்துபோனவரால் தொட்டிக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அதை அவள் சேர்க்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஹேமநாதன் நன்றி சொல்லியிருந்தார்.

சோறு போடும்போது விஷயத்தைச் சொன்னாள். சுகுமாறன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டான்.

“எத்தனாவது பகுதின்னு இருக்குல்ல?”

“இருக்குங்க.”

“அப்ப போய்ப் பாக்குறவன் என்னையும் பாத்துருவான். எத்தனாவது நிமிஷம்னும் போட்டுட்டா நல்லா இருக்கும்.”

“அது துணுக்கு,” என்று சொல்லி, அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.