ஒற்றைச் செருப்பின் கதை என்னுடையதல்ல

நான் ஒரு திருடன். திருடியது ஒரு கதையை.

பிள்ளைகளே, உங்கள் பள்ளி ஆண்டு மலருக்குக் கதை எழுதித் தரும்படி உங்கள் ஆசிரியை என்னைக் கேட்டார். 'எங்க நைனா கதை கட்டுவாரு' என்று அவரிடம் பெருமையாகச் சொன்னவள் உங்களோடு ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் தேவிகா. நான் எட்டாவதோடு நின்றவன். கதைக்குப் பதிலாக இதைத்தான் என்னால் எழுத முடிந்தது.

திருத்தணி ரயில் நிலையத்திலிருந்து மலைக்கோயிலுக்கு ஆட்டோ ஓட்டுகிறேன். கிருத்திகைதோறும் சென்னையிலிருந்து ஓர் அம்மா வருவார். அவர் பெயரை எழுத என் கை கூசுகிறது. நீங்கள் படிக்கும் கதைப் புத்தகம், உங்கள் வீட்டில் ஓடும் தொடர், நீங்கள் முணுமுணுக்கும் சினிமாப் பாட்டு... எல்லாம் அவர் எழுதியவை. ஒரே ஒரு மனுஷி!

விரல்களில் வலி என்பதால் அவர் பேனா பிடிப்பதில்லை. என் வண்டி மலையேறும்போது அலைபேசியில் பேசிப் பதிவு செய்துகொள்வார். கோயில் வாசலில் வண்டி நின்றதும் கதையும் நின்றுவிடும்.

ஒருநாள் ஒரு கதை வந்தது. கோயிலில் செருப்பு விடும் இடத்தில் தன் ஜோடியைத் தொலைத்த ஒற்றைச் செருப்பு, அதைத் தேடிப் படியிறங்குகிறது...

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது! அந்தச் செருப்புக் குவியலை நான் தினமும் பார்க்கிறவன். என்னிடம் அது ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரிடம் மட்டும் எப்படிப் பேசியது?

அன்று மாலை தேவிகாவுக்கு அந்தக் கதையைச் சொன்னேன்.

"நைனா! நீயே கட்டினியா?"

"ஆங்."

அந்த ஒரு சொல்தான். ஏன் சொன்னேன்? அவள் கண்கள் அப்படி விரிந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை... அதனால்தான்.

"செருப்பு அப்பால இன்னா ஆச்சு?" என்றாள். எனக்கு எங்கே தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அடிவாரத்தில் ஒற்றைக்கால் தாத்தா ஒருவர் உட்கார்ந்திருந்தார். எந்தக் கடையிலும் ஒற்றைச் செருப்பு விற்பதில்லை. அது நேராகப் போய் அவர் காலில் ஏறிக்கொண்டது.

பிறகு அம்மாவின் செருப்பு ஊரெல்லாம் நடந்தது. புத்தகத்தில் நொண்டியது, வானொலி நாடகத்தில் பேசியது, சினிமாவில் பாடியது! எங்கே போனாலும் வேறு குரல், ஆனால் அதே செருப்பு. பாட்டைக் கேட்டு வண்டியை ஓரங்கட்டி அழுதேன். ஒரு மனதுக்குள் எத்தனை வாசல்கள்!

ஆனால் தேவிகா கொதித்தாள். "உன் கதையத் திருடிட்டாங்க நைனா! நீ இன்னா சும்மா குந்திகினு கீற?"

"வுடும்மா... பெரிய மனுஷங்க. எங்கனா கேட்டிருப்பாங்க."

பார்த்தீர்களா? திருடியவன் நான். பழியை அவர் தலையில் போட்டேன்!

அவள் விடவில்லை. புத்தகத்தில் இருந்த முகவரிக்குக் கடிதம் எழுதிவிட்டாள். அடுத்த கிருத்திகைக்கு அம்மா அந்தக் கடிதத்தோடு என் வண்டியில் ஏறினார்.

"இந்த ஊரு ஆட்டோக்காரர் பொண்ணாம்ப்பா. 'எங்க நைனா கதையத் திருடினீங்களே, வெக்கமா இல்லியா'ன்னு கேக்குறா. என் நாப்பது வருஷ எழுத்துல இப்படி யாரும் திட்டினதில்ல!" என்று சிரித்தார். "உங்க ஸ்டாண்டுல யாராவதா? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்கம்மா."

பெற்ற மகளைத் தெரியாது என்றேன்...

அவர் கடிதத்தை மறுபடி பிரித்துப் பார்த்தார். பிறகு, "இதுல ஒத்தக்கால் தாத்தா ஒருத்தர் வர்றாரு. என் செருப்பு இன்னும் தேடிட்டேதான் இருக்கு, எனக்கு முடிவே கிடைக்கல. இந்த அப்பா முடிச்சிருக்காரு. அவரைப் பார்த்தா ஒரு கும்பிடு போடணும்ப்பா" என்றார்.

எத்தனையோ பேர் கும்பிடும் அந்த அம்மா... என்னைக் கும்பிட வேண்டுமாம்! 'அந்தத் தாத்தா மட்டும் என்னுடையவர் அம்மா' என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டுமே! என் வாழ்நாளில் நானாக உண்டாக்கியது அந்த ஒன்றுதான். அதையும் என் பொய்யே விழுங்கிவிட்டது.

கோயில் வாசலில் வண்டி நின்றது. அவர் இறங்கிப் போனார். அடுத்த கிருத்திகைக்கு அவர் அழைத்தபோது வண்டி ரிப்பேர் என்றேன். அதுவும் பொய்.

தேவிகா இன்றும் அந்தப் பாட்டு ஓடினால் காதைப் பொத்திக்கொள்கிறாள். தபால்காரரைப் பார்த்தால், அம்மாவின் பதில் வந்ததா என்று கேட்க ஓடுகிறாள்.

இதை நேரில் சொல்ல எனக்குத் துணிவில்லை. இந்தத் தாளை ஆசிரியையிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறவள் அவள்தான். உங்களுக்கு முன்னால் படிக்கப் போகிறவளும் அவள்தான். சீருடை போட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"எழுதி முட்ச்சிட்டியா நைனா? குடு, நான்தான் மொதல்ல படிப்பேன்!"