ஞானம்மாள் விலகாத சுவர்

தேவதானத்துத் தெருவில் காமிராவை முக்காலியில் ஏற்றிவைத்து ஒரு மணி நேரமாக நிற்கிறேன். எதிரே ஒரு மண் வீடு. செம்மண் பூச்சில் விரல்களால் இழுத்த அலைகள், விளக்கு மாடத்தைச் சுற்றி உடைந்த பீங்கான் துண்டுகள். வெயில் சாய்வாக விழும்வரைதான் அந்த அலைகள் படத்தில் தெரியும். வெயிலோ ஏறிக்கொண்டே போகிறது.

எனக்கு ஆளில்லாத சுவர் வேண்டும். படத்தின் ஒரு பிரதி தருவதாகச் சொல்லித்தான் வீட்டுக்குச் சொந்தக்காரரான ஞானம்மாளிடம் அனுமதி வாங்கினேன். அவரோ நல்ல சேலை கட்டிக்கொண்டு, நான் லென்ஸ் மூடியைக் கழற்றும்போதெல்லாம் சுவர் முன்னால் வந்து நிற்கிறார். படம் பதியும் கண்ணாடித் தகடுகளில் இரண்டு வீண். மிச்சம் ஒன்றே ஒன்று.

"அம்மா, தள்ளி நில்லுங்களேன்! வீட்டைத்தானே எடுக்க வந்தேன்" என்று கத்தியேவிடுகிறேன்.

அவர் நகரவில்லை.

"கோவப்படாதிய ஐயா. எங்க வீட்டுக்காரவிய கொழும்புல இருக்காவ. ஒத்தையில வீடு கட்டிட்டேன்னு காயிதம் போட்டா நம்ப மாட்டேங்காவ. நான் இல்லாம படம் போனா, யாரு வீட்டையோ காட்டுதேன்னுல்லா சொல்லுவாவ?"

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கிறேன். அலைகளில் பாதியை அவர் மறைக்கிறார். எரிச்சல் தீராமலே கடைசித் தகட்டைச் செருகுகிறேன்.

"அசையாம நில்லுங்க."

செம்மண் ஏறிய நகங்களோடு இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் நீட்டுகிறார்.

"கையும் படத்துல விழுதாய்யா?"

"விழுதும்மா" என்று மூடியைக் கழற்றுகிறேன்.