நாற்காலியில் இன்னொருவர்

நேற்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். எனக்குப் பக்கத்து மேசை. வந்து உட்கார்ந்ததிலிருந்து வலது கையை விரிக்கவே இல்லை. சாப்பாட்டு வேளையில் டிபன் டப்பாவைத் திறக்க முடியாமல் தவித்தபோதுதான் பார்த்தேன், உள்ளங்கையில் ஓர் எலுமிச்சம்பழம். கசங்கித் தோல் கறுத்துப்போயிருந்தது. "பஸ்ல வாந்தி வரும்க்கா, அதுக்குத்தான்" என்றாள். பஸ்ஸை விட்டு இறங்கி எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. டப்பாவை நான் திறந்து கொடுத்தேன்.

வியர்வையும் எலுமிச்சையும் கலந்த அந்த வாசனை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் குப்பம் பழவேற்காடு கலங்கரை விளக்கத்துக்குப் பக்கம். அங்கிருந்து பொன்னேரிக்கு முதன்முதலாக வேலைக்குப் போனபோது நானும் ஒரு பழத்தை மோந்துகொண்டேதான் போனேன். கலெக்டர் வேலை ஒன்றும் இல்லை. பார்சல் அனுப்பும் ஓர் அலுவலகத்தில் முகவரிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். அதற்கே பல நாள் கண்ணாடி முன் நின்று "குட் மார்னிங் சார்" பழகினேன். போன அன்று வாசலிலேயே நின்றுவிட்டேன். கதவில் 'தள்ளு' என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தள்ளத்தான் கை வரவில்லை. கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவர் கதவைத் தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "உள்ள போறியா, நான் சாத்திக்கவா?" என்றார். போனேன்.

அன்று சாயங்காலம் இதைச் சொன்னதும் நைனா விழுந்து விழுந்து சிரித்தார். (அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் ஆந்திரம்தானே.) "முகத்துவாரத்துல அல தூக்கி அடிக்கும், அதுலயே போட்டத் தள்ளிக்கினு போறேன். நீ இன்னாம்மே, ஒரு கதவத் தள்ளப் பயந்துக்கினியா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

ஏனென்றால் கொஞ்ச காலத்திலேயே நைனாவும் வேலைக்குப் போக வேண்டி வந்தது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மண் மூடிவிட்டது. உப்புத் தண்ணீர் உள்ளே வராவிட்டால் இறால் ஏது? வலை போட்டால் பாசியும் நெகிழிப் பையும்தான் வந்தன. என் சம்பளம் வீட்டுக்கு எந்த மூலைக்கு? பார்சல் ஏற்ற வரும் ஒருவரிடம் சொல்லி வைத்து, மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் நைனாவுக்குக் காவலாளி வேலை வாங்கினேன்.

காக்கிச் சட்டையும் ஷூவும் கொடுத்தார்கள். புதுக் காக்கிக்கு ஒரு கஞ்சி வாடை உண்டு, மண்ணெண்ணெயும் சோறும் சேர்ந்த மாதிரி. அதைவிட ஷூதான் பெரும் பாடாகிவிட்டது. ஆயுசு முழுக்கச் சேற்றில் ஊன்றி நடந்த கால், விரல்கள் விசிறியாக விரிந்திருக்கும். அந்தக் காலை அம்மாவும் நானும் சேர்ந்துதான் உள்ளே திணித்தோம். நைனா எங்களைப் பார்க்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. "வயித்துல நண்டு ஓடுது" என்றார். அலையைப் பற்றி அன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எலுமிச்சம்பழம் ஒன்றை அவர் சட்டைப் பையில் போட்டேன்.

அங்கே நடந்தது உங்களுக்குப் புரிய, எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் வெட்டுக்குத்துதான். அதனால் முறை வைத்திருந்தார்கள். இன்றைக்கு இவர், நாளைக்கு அவர். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவர் பாடு நடக்கும்போது இன்னொருவர் அங்கே போய் நிற்பது திருட்டைவிடக் கேவலம். அவர் வலையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும்வரை தள்ளித்தான் நிற்க வேண்டும்.

நைனா கிடங்குக்கு நேரத்தோடு போய்விட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி. அதில் இதே காக்கி போட்ட இன்னொருவர். முந்தின ஷிப்டுக்காரர். மாற்று ஆள் வந்து நின்றால்தான் அவர் எழுந்திருக்கலாம், அது வேலை விதி. அவர் எழுந்து போனால்தான் நாம் போகலாம் என்று நைனா எதிரே டீக்கடை ஓரம் நின்றார். அவர் எழுந்திருக்கவில்லை. இவரும் போகவில்லை. பாவம், அந்த மனுஷனும் பகல் முழுக்க ரோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். வெயில் சாயும்போது நைனா பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்.

சூப்பர்வைசர் போனில் என்னைக் காய்ச்சி எடுத்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்தாண்ட போயி, நான்தான் புது ஆளுன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்ட?"

"அவன் குந்திக்கினு கீறான். அவன் பாடு நடக்குது. நான் போயி எப்டி நிக்கறது?"

அம்மா அதை அப்படியே நம்பினாள். நான் நம்பவில்லை. 'தள்ளு' என்று எழுதிய கதவுக்கு வெளியே நின்றவள் நான். பயத்தை மறைக்க எனக்குப் பாடு என்று ஒன்று இருக்கவில்லை, அவருக்கு இருந்தது. அவர் கழற்றி வைத்த சட்டையை எடுத்தேன். பையிலிருந்த பழம் சப்பையாகிச் சாறு காக்கியில் இறங்கியிருந்தது.

மறுநாள் நானே கூட்டிப்போனேன். பஸ் திருப்பாலைவனம் தாண்டும்வரை நைனா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "நீ கதவாண்ட எப்டி நின்ன, சொல்லு" என்றார். சொன்னேன். சிரிக்கவில்லை. கேட்டுக்கு வந்ததும் என் கையை விட்டுவிட்டு, அந்த மனிதர் முன்னால் போய் நின்றார். "நீ எய்ந்துக்க, நான் வந்துட்டேன்" என்று சொல்லவேண்டியவர், "நான் வரலாங்களா?" என்று கேட்டார். அவர் எழுந்து, நாற்காலியைத் துண்டால் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வேலை நிலைத்தது. பயம் மட்டும் போகவில்லை. பழகினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னோம். எனக்குச் சரியாகித்தான் போயிற்று. நைனா தினமும் கிளம்புமுன் கொல்லைப்பக்கம் போய்க் குமட்டிவிட்டுத்தான் ஷூ மாட்டினார். கேட்டில் லாரி ஹாரன் அடித்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுகிறேன் என்றார். வேறு வழி இல்லாததால் நாங்கள் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தோம்.

அந்த வருஷ மழையில் முகத்துவாரம் உடைத்துக்கொண்டது. இறால் வந்தது. பல காலம் காணாத இறால். மறுநாள் நைனாவின் பாடு. லீவு கேட்டார். "பாடுன்னா இன்னா, கல்யாணமா, சாவா?" என்று கேட்டாராம் சூப்பர்வைசர். காலையில் வேலைக்குப் போனவர், மாற்று ஆள் வருமுன்னே கேட்டை அப்படியே விட்டுவிட்டு, காக்கியோடும் ஷூவோடும் பஸ் ஏறிவிட்டார்.

நான் அன்று காய்ச்சலில் வீட்டில் இருந்தேன். வீட்டைத் தாண்டிக் கரைக்குப் போனவர் பின்னாலேயே ஓடினேன். அவர் இடத்தில் வேறு வலை இறங்கியிருந்தது. அவரோடு ஒரே போட்டில் போய்க்கொண்டிருந்தவருடைய வலை. தொடர்ந்து வராதவன் பாடு அடுத்தவனுக்கு என்று ஊரில் எப்போதோ பேசி முடித்திருக்கிறார்கள். எங்களிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்ற அந்தக் கூட்டாளி நைனாவைக் கூப்பிட்டார்.

"அண்ணா, வா. வந்து ஒரு கை புடி."

நைனா கரையில் நின்றபடியே சொன்னார், "உன் பாடு நடக்குது. நீ போடு."

திரும்பி நடந்தார். ஈர மணலில் ஷூ புதைந்து புதைந்து வந்தது. நான் பக்கத்தில் போனபோது, "பாப்பா, அங்கயும் ஆள் கீறான், இங்கயும் ஆள் கீறான்" என்றார். அழுதாரா என்று தெரியவில்லை. நான் அழுதேன்.

கிடங்கு வேலை அன்றோடு போயிற்று. அதன்பிறகு எந்த வேலைக்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை, அவரும் கேட்கவில்லை. சுவரோரமாகவே உட்கார்ந்திருந்து, ஒரு சித்திரை வெயிலில் போய்ச் சேர்ந்தார்.

இன்று காலை அந்தப் பெண் பழம் இல்லாமல் வந்தாள். "மறந்துட்டேன்க்கா" என்று சிரித்தாள். பிழைத்துக்கொள்வாள். எனக்குத்தான் நாள் பூராவும் அந்த வாசனை போகவில்லை.

மீஞ்சூர்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போது அந்தக் கிடங்கு தெரியும். கேட் இப்போது தானாகத் திறக்கிறது. மேலே ஒரு கேமரா. நாற்காலியை எடுத்துவிட்டார்கள். முகத்துவாரம் மறுபடி மூடிக்கொண்டது. நைனாவின் இடத்தில் வலை இறக்க ஆள் இல்லை, முறை வைக்கவும் யாரும் கூடுவதில்லை. இனி நைனா இரண்டு இடத்துக்கும் தாராளமாகப் போகலாம். எழுந்திருங்கள் என்று அவர் சொல்ல வேண்டிய ஆள் அங்கே யாரும் இல்லை.