எங்கள் வீட்டு முறை வந்த வெள்ளிக்கிழமை

அண்ணனூரில் எங்கள் சபைப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் வீட்டில் கூடி உபவாச ஜெபம் செய்வோம். வாரம் ஒரு வீடு. என் முறை வரும்போதெல்லாம் தண்ணீர் வரவில்லை, உடம்பு முடியவில்லை என்று ஏதாவது சொல்லித் தள்ளிவிடுவேன். உண்மையான காரணம் என் மகன்.

அம்பத்தூரில் ஒரு பட்டறையில் பிரஸ் மிஷின் அவன் வலதுகை விரல்களை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு குடி. மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ராத்திரியில் அவன் வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். எங்கே விழுந்து கிடக்கிறானோ என்று பயம். வந்த பிறகும் கண் மூடாது. மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

இதை யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. நாலு பேர் நடுவில் பேசவே எனக்குக் கூச்சம். ஜெபக்குறிப்பு கேட்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு இருந்துவிடுவேன்.

எங்களில் மீன் விற்கிற ஒருத்தி உண்டு. அவள்தான் ஒருநாள் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா ஆயா, ஒவ்வொரு தபாவும் நழுவுற? ஊட்ல புதையல் கீதா? அடுத்த வாரம் ஆயா ஊடுதான்!"

எல்லோரும் சிரித்து ஆமென் சொல்லிவிட்டார்கள். ஆமென் சொன்ன பிறகு எப்படி மறுப்பது?

மகனிடம் சொன்னபோது, "எவளாவது வந்தா அசிங்கமாயிடும், சொல்ட்டேன்" என்றான். வெள்ளிக்கிழமை காலையில் எங்கேயும் போகாமல், அறைக்குக் குறுக்கே நான் கட்டிய புடவைக்குப் பின்னால் படுத்துக்கொண்டான். இவர்கள் கண்ணில் அவன் படக்கூடாது, அது போதும் ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டுதான் பாய் விரித்தேன்.

முதல் பாட்டு முடியவில்லை. உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"யம்மா, இன்னா கத்திகினு கீறாங்க இங்க?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மீன்காரி அசரவில்லை.

"கத்தலப்பா, பாடுறோம். ராகம் சரியில்லனா நீ வந்து எடுத்துக் குடு!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உள்ளே அவன் புரண்டு படுப்பது கேட்டது.

பாரம் சுமக்கிறவர்களை ஆண்டவர் கூப்பிடுகிறார் என்று பாஸ்டரம்மா பேசினார். எத்தனையோ முறை கேட்டதுதான். என் பாரம் புடவைக்குப் பின்னால் இருமிக்கொண்டிருந்தது. ஜெபம் தொடங்கியதும் முழங்காலிட்டு நாற்காலியில் நெற்றியை வைத்தேன். ஒரு காது மட்டும் புடவைப் பக்கமே இருந்தது. சுற்றிலும் பெண்கள் அவரவர் குரலில் ஜெபித்தார்கள். சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. நீரே பார்த்துக்கொள்ளும் என்றேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது வெயில் வாசல் பக்கம் போயிருந்தது. மீன்காரி கொண்டுவந்திருந்த பாயில் படுத்திருந்தேன். தலைக்குக் கீழே யாருடைய துண்டோ மடித்து வைத்திருந்தது. ஜெபத்தில் தூங்குவது எங்களுக்குப் பெரிய வெட்கம். பதறி எழுந்தேன். உபவாசம் முடிந்து குடிக்க நான் காய்ச்சிய கஞ்சியை அவர்களே எடுத்து ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். புடவை ஒதுங்கியிருந்தது. என் மகன் சுவரில் சாய்ந்து, இடதுகையில் டம்ளரைப் பிடித்திருந்தான். நான் ஒளித்து வைத்ததை எல்லோரும் பார்த்தாயிற்று.

"என்னை எழுப்பியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"எழுப்பத்தான் வந்தேன் ஆயா. உன் புள்ளதான் உடல. எழுப்பாதீங்க, அது தூங்கி நான் பாத்ததே இல்லன்னுட்டான்" என்றாள் மீன்காரி.

மகன் என்னைப் பார்க்கவில்லை. அவர்களும் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது மீன்காரி தன் பாயை மட்டும் சுருட்டாமல் விட்டுவிட்டுப் போனாள்.

"அடுத்த வாரம் எடுத்துகினு வா."

பொழுது சாய்ந்ததும் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். வழக்கம்போல வாசற்படிக்குப் போனேன். கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்து ரயில் ஷெட்டுக்குள் வண்டி போகிற சத்தம் கேட்டது. நீரே பார்த்துக்கொள்ளும் என்று மறுபடி சொன்னேன். கதவுக்குத் தாழ் போடாமல், அந்தப் பாயில் வந்து படுத்தேன். பயம் போகவில்லை. ஆனாலும் படுத்தேன்.