வெயிலில் ரத்தான விமானம்

போன வருஷம் மழைக்காலத்தில் நடந்தது இது. புதுவாயல் கூட்டுச்சாலைக்குப் பக்கத்தில், லாரிகளை லோடோடு நிறுத்தி எடை பார்க்கும் எடை மேடையில் நான் வேலை செய்கிறேன். என் மகள் பிளஸ் டூ படித்தாள். பளு தூக்குகிற பெண். அம்மாவும் பொண்ணும் எடையைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று லாரிக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

அவளுக்கு விஜயவாடாவில் பெரிய போட்டி. கையெல்லாம் காய்ப்பு ஏறி, கிடந்து உழைத்து வாங்கிய இடம் அது. மற்ற பிள்ளைகள் பயிற்சியாளரோடு முன்னாடியே ரயிலில் போய்விட்டார்கள். இவளுக்குப் பள்ளியில் செய்முறைத் தேர்வு இருந்ததால், போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் விமானத்தில் நாங்கள் இருவரும் போவதாக ஏற்பாடு. போட்டியன்று காலையில் பிள்ளைகளை எடை பார்ப்பார்கள். அந்த நேரத்துக்குப் போய் நிற்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

விமானத்துக்கு முதல் நாள் மதியம் என் போனுக்குச் செய்தி வந்தது. புயல் எதிர்பார்ப்பதால் நாளைய விமானம் ரத்து. வெளியே எட்டிப் பார்த்தேன். வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்ததே கோபம்! விமான கம்பெனிக்குப் போன் போட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா மேடம், இங்க வெயிலு மண்டைய பொளக்குது. எந்த மழைக்குப் பயந்துகினு கேன்சல் பண்ணீங்க?"

எதிர்முனைப் பெண் பணத்தைத் திருப்பித் தருவோம் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பணம் யாருக்கு வேண்டும்? ரயில்களும் ரத்து என்றார்கள். பஸ்ஸில் இடமில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மகள் பள்ளியிலிருந்து ஓடி வந்தாள். புயலுக்காக நாளைக்கு லீவு விட்டு, தேர்வையும் தள்ளி வைத்துவிட்டார்களாம். விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை.

"யம்மா, கத்தாத. இன்னிக்கே சொல்லிட்டான் இல்ல? நாளிக்கி ஏர்போர்ட்டாண்ட போய் நின்ன அப்பறம் சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப? மழை வர்றதுக்குள்ள கிளம்பிடலாம், வா."

எனக்குச் சுருக்கென்றது. கோபத்தில் கத்திக்கொண்டு, கையில் இருந்த பகலை நான்தான் வீணாக்கிக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வெளியே வந்து நின்றேன். வடக்கே போகிற லாரிகளெல்லாம் என் கண் முன்னால்தானே போகின்றன! வருகிற வண்டியையெல்லாம் நிறுத்தி எங்கே போகிறது என்று கேட்டேன். ஒருத்தர் ஓங்கோல், ஒருத்தர் நெல்லூர். கடைசியில் டயர் ஏற்றி வந்த ஓர் ஆந்திராக்காரர் விஜயவாடா என்றார். முன்பின் பார்க்காத ஆள், என்னைவிட மூத்தவர். என் கதையைக் கேட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

"சீக்கிரம் ஏறும்மா. நெல்லூரு தாண்டிட்டா பயம் லேது."

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஷிப்டில் இருந்த என் வீட்டுக்காரர், போனில் "லாரியிலயா?" என்று இழுத்தார். "ஆமா, லாரியிலதான்" என்று வைத்துவிட்டேன்.

வழியில் ஒரு தாபாவில் டிரைவர் எங்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு சொன்னார். மகள் தொடவில்லை. கூச்சப்படுகிறாள் என்று நினைத்து அவர் முகம் வாடிப்போனது.

"தப்பா நினைச்சிக்காதண்ணா. லாரி மாதிரி அவளுக்கும் எடை பாப்பாங்க. ஓவர்லோடு ஆயிட்டா உள்ள விட மாட்டாங்க" என்றேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்களை இறக்கிவிடும்போது, போட்டி முடிந்ததும் சாப்பிடு பாப்பா என்று ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தை அவள் கையில் கொடுத்தார். வாடகை என்று நான் நீட்டியதை வாங்கவே இல்லை.

மறுநாள் எங்கள் பக்கம் அடித்த மழையில் நெடுஞ்சாலையே ஏரியாகிவிட்டதாக வீட்டுக்காரர் போனில் சொன்னார். என் மகளோ அதற்கடுத்த காலையில், சொன்ன நேரத்துக்கு முன்பாகவே எடை பார்க்கப் போய் நின்றாள். பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் அதுவரை தூக்காத எடையைத் தூக்கினாள். வெளியே வந்ததும் முதல் வேலையாக ஒரு கொய்யாவைக் கடித்தாள்.

இப்போதெல்லாம் எடை மேடை பழுதானால், நான் உள்ளே உட்கார்ந்திருப்பதில்லை. ரோட்டுக்கே போய், வண்டிகள் வரிசையில் வந்து மாட்டிக்கொள்ளும் முன்பே கையைக் காட்டி அனுப்பிவிடுகிறேன். சில டிரைவர்கள் முறைத்து, திட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்குக் கோபமே வருவதில்லை. அன்றைக்கு எனக்குக் கிடைத்த பகலைத்தான் அவர்களுக்குக் கொடுத்து அனுப்புகிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.